பெர்ரித் துறையிலிருந்து சூலியா தெரு வரை: ஜார்ஜ் டவுனில் பயணிகளின் பாதுகாப்பு, ஒரு மதிப்பீடு

துறைமுக நகரங்களைப் பற்றிப் பயணிகள் எழுதும் மதிப்புரைகளில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பத்திரமான ஊர் என்கிறார் ஒருவர். கவனமாக இருக்க வேண்டிய ஊர் என்கிறார் மற்றொருவர். மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனைப் பற்றியும் இவ்விரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்திருக்கிறேன். எந்தத் தெரு, எந்த நேரம், எந்த வண்டி, உடன் வந்தவர்கள் யார் என்பவற்றைச் சொல்லாத தீர்ப்பினால், வயதான தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்படும் ஒருவருக்கு எந்தப் பயனும் இல்லை. ஆகவே, தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறுவதிலிருந்து சூலியா தெருவில் இரவு உணவை முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்புவது வரை, ஒரு பயணி உண்மையில் பயன்படுத்தும் சேவைகளையும் நடக்கும் தெருக்களையும் ஒவ்வொன்றாக எடைபோட்டு எழுதுகிறேன்.

இந்திய நாட்டவர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்று மலேசிய அரசு 2023 டிசம்பர் முதல் நாளிலிருந்து அறிவித்த பிறகு, கோலாலம்பூரில் வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டு உறவினர்களின் வருகை கூடியிருக்கிறது. சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. அண்மையில் திருச்சியிலிருந்து வந்த என் அத்தை, மாமா, அவர்களுடைய மகள் ஆகியோருடன் ஜார்ஜ் டவுனில் தங்கியிருந்தபோது, மூவரும் மூன்று விதமாக அஞ்சியதைக் கவனித்தேன். அத்தைக்குக் கூட்டத்தைக் கண்டால் பயம். மாமாவுக்குக் காசில் ஏமாற்றப்படுவோமோ என்ற கவலை. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இருட்டிய பிறகு தனியாக நடப்பதில் தயக்கம். மூன்று அச்சங்களுக்கும் காரணம் உண்டு என்றாலும், அந்த ஊரில் பயணியின் உடலுக்கு உண்மையில் தீங்கு வரக்கூடிய இடம் எதுவென்று பார்த்தால், அது இம்மூவரும் நினைத்துப் பார்க்காத இடமான சாலையோரம்தான்.

முதலில் பெர்ரி. கோலாலம்பூரிலிருந்து ஈடிஎஸ் எனப்படும் மின்சார விரைவு ரயிலில் ஏறினால் நான்கு மணி நேரம் அளவில் பட்டர்வொர்த் வந்துவிடலாம். ரயில் நிலையத்தை ஒட்டியே பினாங்கு சென்ட்ரல் என்ற போக்குவரத்து மையம் இருப்பதால், பெட்டியை இழுத்துக்கொண்டு கூரையுள்ள நடைவழியிலேயே பெர்ரித் துறைக்குச் சென்றுவிட முடிகிறது. பழைய பெரிய பெர்ரிகள் 2021 தொடக்கத்தோடு ஓய்வு பெற்றன. 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புதிய பெர்ரிகள் நான்கும் பினாங்குக் கடலோரங்களின் பெயர்களைத் தாங்கியவை. ஒவ்வொன்றும் 250 பயணிகளையும் 50 மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லக்கூடியது. கார்களுக்கு இப்போது இடமில்லை. பெரியவர்களுக்குக் கட்டணம் 2 வெள்ளி (ரிங்கிட்). கால் மணி நேரத்திற்குள் அக்கரை. எத்தனை பேர் ஏறலாம் என்பது வாயிலிலேயே கட்டுப்படுத்தப்படுவதால், முண்டியடித்து ஏறும் நிலை இல்லை. அத்தையின் முகத்தில் இருந்த இறுக்கம் முதலில் தளர்ந்தது அங்கேதான். மக்கள் வரிசையாக நின்று, வரிசையாக ஏறி, அவரவர் இடத்தில் அமர்ந்ததைப் பார்த்தவர், "இந்தக் கூட்டம் நம்மள இடிக்காதுடா" என்றார்.

பயணிகள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெர்ரியில் ரொக்கம் வாங்குவதில்லை. முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் டச் அண்ட் கோ அட்டை, வங்கி அட்டை, மின்பணப்பை ஆகியவற்றால்தான் கட்டணம் செலுத்த வேண்டும். இந்திய வங்கி அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்த, புறப்படுமுன் வங்கியின் செயலியில் அதற்குரிய அனுமதியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாயிலின் முன்னே பணப்பையை விரித்துக்கொண்டு தடுமாற நேரிடும். கூட்டத்தின் நடுவே பணப்பையை விரித்து நிற்பதைத் தவிர்ப்பது எந்தத் துறைமுகத்திலும் நல்லது என்பதால், ரொக்கம் இல்லாத இந்த ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்ற அளவில் நான் வரவேற்கிறேன்.

இந்தத் துறையில் கூட்டக் கட்டுப்பாடு எளிதாகக் கிடைத்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1988 ஜூலை 31 அன்று, சீனர்களின் குவான் யின் தெய்வ விழாவும் புக்கிட் மெர்த்தாஜம் புனித அன்னாள் திருவிழாவும் ஒருசேர வந்ததால், பட்டர்வொர்த்தின் சுல்தான் அப்துல் ஹாலிம் பெர்ரித் துறையில் கட்டுக்கடங்காத கூட்டம் சேர்ந்தது. மேல்தளம் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. 32 பேர் உயிரிழந்தனர். ஆயிரத்து அறுநூறு பேருக்கு மேல் காயமடைந்தனர். எல்லா இனத்தவரும் கூடிய நாள் அது. எல்லா வீடுகளிலும் துக்கம் இருந்தது. விழா நாள்களில் வாயிலை மூடி அடுத்த பெர்ரிக்குக் காத்திருக்கச் சொல்லும்போது சலித்துக்கொள்ளும் வெளியூர்ப் பயணிகளுக்கு, அந்த வாயில் ஏன் மூடப்படுகிறது என்பதைப் பக்கத்தில் நிற்கும் நாமாவது எடுத்துச் சொல்லலாம்.

அக்கரையில் இறங்கியதும் வெல்ட் கீ என்ற கடலோரச் சாலை. பயணியின் உணர்வு தடுமாறும் முதல் இடம் இது. பெர்ரியின் ஒழுங்கிலிருந்து வெளியே வந்தவுடன் பேருந்துகள், டாக்சிகள், மோட்டார் சைக்கிள்கள், அழைக்கும் குரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எதிர்ப்படுகின்றன. அகலமான சாலை, வண்டிகள் வேகமாக வரும். மலேசியாவிலும் இடப்பக்கம் ஓட்டுவதே முறை என்பதால், தமிழ்நாட்டுக்காரர்களுக்கு எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது என்ற குழப்பம் இல்லை. ஆனால் நம் ஊரில் வண்டிகள் மெல்ல ஊர்வதைப் பயன்படுத்தி இடையே புகுந்து கடக்கும் பழக்கம் இங்கே ஆபத்தானது. சைகை விளக்கு உள்ள இடத்துக்கு நடந்து சென்று, பச்சை மனிதன் தெரிந்த பிறகும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கடக்க வேண்டும். கால் வலியுள்ள பெரியவர்கள் உடன் இருந்தால் சாலையைக் கடக்கவே தேவையில்லை. துறையை ஒட்டிய பேருந்து நிலையத்திலிருந்தே ரேப்பிட் பினாங்கின் கேட் என்ற இலவசப் பேருந்து நகரின் மையப்பகுதியைச் சுற்றிக் கொம்தார் என்ற உயர்ந்த கட்டடம் வரை செல்கிறது. கட்டணமே இல்லாத வண்டியில் ஏமாற்றப்படுவதற்கு வழியில்லை என்பது மாமாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகள், சந்தைக்குப் போகும் பாட்டிமார், வேலை முடிந்து வருகிறவர்கள் என உள்ளூர் மக்களோடு உட்கார்ந்து போவது, ஒரு புதிய ஊரில் பயத்தைத் தணிப்பதற்கு நான் அறிந்த சிறந்த வழிகளில் ஒன்று.

மாமாவின் கவலையைச் சிறியது என்று தள்ளிவிடக் கூடாது. ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால், அதற்குப் பின் புன்னகைக்கும் ஒவ்வொருவரையும் பயணி சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குகிறார். பாதுகாப்பு உணர்வு அங்கேயே பாதி கரைந்துவிடுகிறது. கிராப் என்ற வாடகை வண்டிச் செயலியில் கட்டணமும் வண்டி எண்ணும் ஓட்டுநரின் பெயரும் ஏறுமுன்பே தெரிந்துவிடுவதால், அத்தகைய மனக்கசப்புக்கு இடம் குறைவு. சாலையில் கைகாட்டி நிறுத்திய டாக்சி ஒன்றில் மீட்டரைப் போட மறுத்து, வாய்க்கு வந்த தொகையைக் கேட்ட அனுபவமும் எங்களுக்கு நேர்ந்தது. நாங்கள் ஏறவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. பெச்சா எனப்படும் மூன்று சக்கர மிதிவண்டியில் ஊரைச் சுற்றிப் பார்க்க விரும்பினால், எவ்வளவு நேரம், எந்தெந்தத் தெருக்கள், மொத்தம் எவ்வளவு, அந்தத் தொகை வண்டிக்கா ஆளுக்கா என்பதை ஏறுமுன் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். பெச்சா ஓட்டுநர்களில் பலர் வயதானவர்கள். வெயிலில் உழைத்து வாழ்கிறவர்கள். தெளிவாகப் பேசிக்கொண்டால் அவர்களும் மகிழ்ச்சியோடு வருகிறார்கள். விடுதியில் வெளிநாட்டவர்களிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி வாங்குவது அரசின் விதி என்பதையும், அதற்கு மேல் மாநிலத்துக்கான சிறு கட்டணமும் உண்டு என்பதையும் விருந்தாளிகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முகப்பில் திடீரென்று கேட்கும்போது அது ஏமாற்று வேலை போலத் தோன்றும்.

இனி, இந்த மதிப்பீட்டின் மையமாக நான் கருதும் அஞ்சடிக்கு வருகிறேன். கடைவீடுகளின் முன்புறத்தில், மேல்மாடியின் நிழலில், தூண்களுக்கும் கடை வாசலுக்கும் இடையே ஓடும் நடைவழியைத்தான் இங்கே தலைமுறைகளாக அஞ்சடி என்று சொல்லி வருகிறோம். 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் ஆங்கிலேய நிர்வாகி ராபிள்ஸ் வகுத்த விதியில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் தொடர்ச்சியான, கூரையுள்ள நடைவழி இருக்க வேண்டும் என்று இருந்தது. மலாயாவின் நகரங்களிலும் அந்த அமைப்புப் பின்னர் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடம் என்றே அதைப் பொதுவாகப் பேசுகிறார்கள். இன்றைய பயணிக்கு அது செய்யும் பேருதவி வேறு.

மலேசிய நகரங்களில் பயணிகள் அஞ்ச வேண்டிய குற்றம் எதுவென்றால் மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பையைப் பறித்துச் செல்வதுதான். ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்து நடப்பவரின் அருகே வருவார். பின்னால் இருப்பவர் தோளில் தொங்கும் பையையோ கையிலுள்ள தொலைபேசியையோ பிடித்து இழுப்பார். பறிபோகும் பொருளைவிட, பையின் வார் தோளில் மாட்டியிருப்பதால் சாலையில் இழுபட்டு விழுவதுதான் கொடுமையானது. தலையில் அடிபட்டு உயிரிழந்தவர்களும் இந்த நாட்டில் உண்டு. இக்குற்றத்துக்கு இரண்டு வசதிகள் தேவை: நடப்பவர் வண்டிக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வண்டி நிற்காமல் தப்பிச் செல்ல வழி இருக்க வேண்டும். அஞ்சடிக்குள் நடக்கும் ஒருவருக்கும் சாலைக்கும் இடையே தூண்களும், பெரும்பாலான இடங்களில் ஓர் ஆழமான சாக்கடையும் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் வருபவரின் கை அங்கே எட்டாது. ஆயிரம் எச்சரிக்கைப் பலகைகள் செய்ய முடியாத காவலை அந்தத் தூண்வரிசை அமைதியாகச் செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் அஞ்சடி தொடர்ச்சியாக இருந்தால்தான் அந்தக் காவல் நிற்கும். ஜார்ஜ் டவுனில் அது பல இடங்களில் துண்டிக்கப்பட்டுக் கிடக்கிறது என்பதே என்னுடைய முதன்மையான குறை. சில கடைகள் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்துகின்றன. சில கடைகள் சரக்குப் பெட்டிகளை அடுக்குகின்றன. சில உணவகங்கள் மேசை நாற்காலிகளைப் போடுகின்றன. சில வீடுகளில் குறுக்கே சுவரே எழும்பியிருக்கிறது. ஒவ்வொரு தடையின்போதும் நடப்பவர் சாலைக்கு இறங்குகிறார், வண்டிகளுக்கு முதுகைக் காட்டியபடி சிறிது தூரம் நடக்கிறார், மறுபடியும் ஏறுகிறார். ஏறி இறங்கும் படிகள் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. மழையில் பழைய ஓட்டுத்தரை வழுக்கும். சாக்கடையின் மேல்மூடி சில இடங்களில் இல்லை. அத்தையின் முழங்காலுக்கு இது கடினமாக இருந்ததால், அவர் மெல்ல மெல்லச் சாலையிலேயே நடக்கத் தொடங்கிவிட்டார். திருடர்களைப் பற்றி ஓயாமல் எச்சரித்துவிட்டு, நடப்பவர்களை அவர்கள் கைக்கெட்டும் தூரத்துக்கு நாமே இறக்கிவிடுகிறோம் என்ற வருத்தம் அப்போது எனக்கு மேலிட்டது.

லெபு பாசாரில் (லெபு என்றால் மலாயில் தெரு) பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா அத்தையைக் கூப்பிட்டு, "அம்மா, பைய ரோட்டுப் பக்கம் போடாதீங்க. கடைப் பக்கம் மாத்திப் போட்டுக்குங்க" என்றார். அத்தை பையை மாற்றிக்கொண்டார். அத்தோடு அங்கேயே ஒரு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டார். போலீசார் தரும் அறிவுரையும் இதேதான்: பை சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும், வண்டிகள் எதிரே வரும் திசையில் நடங்கள், தொலைபேசியில் வழி பார்க்க வேண்டுமென்றால் ஒரு கடைக்குள் நின்று பாருங்கள், யாராவது பையை இழுத்தால் விட்டுவிடுங்கள். கடைசி அறிவுரையை நம்மவர்கள் ஏற்பது கடினம் என்பது தெரியும். கடவுச்சீட்டும் நகையும் அந்தப் பையில் இல்லையென்றால் விடுவது எளிதாக இருக்கும். கழுத்தில் தெரியும்படி தங்கச் சங்கிலி அணிந்து சாலையோரம் நடப்பதை நான் என் வீட்டுப் பெண்களிடமே தடுத்துவிடுகிறேன்.

லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் லெபு பாசார், லெபு குயின், லெபு கிங், லெபு பினாங் பகுதிக்கு நான் தயங்காமல் உயர்ந்த மதிப்பெண் தருவேன். 1833இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் இடத்தில் நாகூர் தர்கா இருக்கிறது. சற்றுத் தள்ளி 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். மசாலாக் கடை, துணிக்கடை, பாத்திரக் கடை, பணம் மாற்றும் கடை, சாப்பாட்டுக் கடை என்று வாசல்கள் எல்லாம் தெருவைப் பார்த்தே திறந்திருக்கின்றன. கடைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குத் தெருவில் புதிதாக வந்தவர் யார், வழி தெரியாமல் நிற்பவர் யார் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. பார்சிலோனா போன்ற ஐரோப்பியத் துறைமுக நகரங்களில் சுற்றுலாக் கூட்டம் நெருங்கும் இடத்தில்தான் ஜேப்படித் திருட்டு மிகுதி. அங்கே கூட்டத்தைக் கண்டு ஒதுங்குவது அறிவு. ஜார்ஜ் டவுனின் நிலை வேறு. இங்கே பறிப்பவருக்கு வண்டி வேண்டும், வண்டிக்கு வெற்றுச் சாலை வேண்டும். ஆகவே நெரிசலான லெபு பாசாரில் நடப்பது, ஆளில்லாத அகன்ற சாலையில் நடப்பதைவிடப் பத்திரமானது. கூட்டத்துக்கு அஞ்சிய அத்தைக்கு இதை எடுத்துச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. மாலையில் கோயிலுக்குச் சென்று திரும்பிய பிறகு தாமாகவே மகளோடு கடைகடையாக ஏறி இறங்கத் தொடங்கினார். தீபாவளி, தைப்பூசம் போன்ற நாள்களின் பெருங்கூட்டத்தில் மட்டும் பையை முன்பக்கம் போட்டுக்கொள்வதும், பிள்ளைகளின் சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய தாளை வைப்பதும் நல்லது.

லிட்டில் இந்தியாவிலிருந்து கடற்பக்கமாகச் சிறிது தூரம் நடந்தாலே நிலைமை மாறுவதைப் பயணிகள் கவனிக்க வேண்டும். லெபு பந்தாய் ஒரு காலத்தில் பெயருக்கேற்பக் கடலோரத் தெருவாக இருந்தது. அதற்கு முன்னால் கடலைத் தூர்த்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்டதுதான் வெல்ட் கீ. கிடங்குகளும் கப்பல் நிறுவனங்களும் வங்கிகளும் அமைந்த அந்தப் பகுதியில் பகலில் வேலை இருக்கும், இரவில் குடியிருப்பு இல்லை. அலுவலக நேரம் முடிந்ததும் லெபு பந்தாயின் அழகிய வங்கிக் கட்டடங்கள் விளக்கொளியில் நின்றாலும், தெருவில் ஆட்கள் மிகக் குறைவு. மற்றொரு காரணமும் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் முதல் நாளோடு அந்தப் பாதுகாப்பு முடிவுக்கு வந்தபோது, தலைமுறைகளாகக் கடைவீடுகளின் மேல்மாடியில் வாழ்ந்த ஏராளமான குடும்பங்கள் வாடகை உயர்வைத் தாங்க முடியாமல் நகரை விட்டு வெளியேறின. 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தகுதி கிடைத்த பிறகு பல வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. வேறு பல பூட்டியே கிடக்கின்றன. மாலையில் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் போய்விட்டார்கள். கட்டடங்கள் காப்பாற்றப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சியே. அவற்றில் வாழ்ந்தவர்களையும் காப்பாற்றியிருந்தால், இன்று இரவில் அந்தத் தெருக்களில் நடக்கும் வெளியூர்ப் பெண்ணுக்கு அது எவ்வளவு துணையாக இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆகையால் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு லெபு பந்தாயிலும் வெல்ட் கீ ஓரத்திலும் நடக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. கடைசி பெர்ரிகளில் ஒன்றில் வந்திறங்கினால், துறைக்குள்ளேயே நின்று கிராப் வண்டியை வரவழைத்து ஏறிச் செல்லுங்கள். பாடாங் கோத்தா லாமா கடற்கரையில் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. மாலை முழுவதும் குடும்பங்கள் காற்று வாங்க வருகிறார்கள், சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொம்தார் சுற்றுவட்டாரத்தில் மியன்மார், நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் தொழிலாளர்கள் திரளாகக் கூடுவதைக் கண்டு பயணிகள் சிலர் ஒதுங்கிச் செல்வதையும், அதையே பாதுகாப்புக் குறைவு என்று எழுதுவதையும் பார்க்கிறேன். இதை நான் ஏற்கவில்லை. வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு நாளில் ஊருக்குப் பணம் அனுப்பவும், சொந்த மொழியில் நாலு வார்த்தை பேசவும் வந்தவர்கள் அவர்கள். நெரிசல் இருக்கும், நடக்க இடம் குறைவாக இருக்கும். அச்சம் கொள்ள அங்கே எதுவும் இல்லை. இதே துறைமுகத்தில் மூட்டை சுமக்க வந்திறங்கிய நம் முன்னோர்களையும் அன்றைக்கு யாராவது இப்படித்தான் பார்த்திருப்பார்கள். ஒரு மனிதரின் நிறத்தையும் உடையையும் கொண்டு ஆபத்தைக் கணக்கிடும் மதிப்புரையால் எந்தப் பயணிக்கும் பாதுகாப்புக் கிடைக்காது.

வெல்ட் கீயின் தெற்கிலுள்ள சியூ படகுத்துறை வீடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கடலில் நட்ட கால்களின் மேல் பலகை பாவிய குடியிருப்பு அது. திருட்டுப் பயம் குறைவு. விளிம்புகளில் பல இடங்களில் கைப்பிடி இல்லை என்பதுதான் கவலை. சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். இருட்டிய பின் போகாதீர்கள், அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. லெபு ஆர்மீனியனின் சுவரோவியங்களுக்கு முன்னால் படம் எடுக்க நடுச்சாலையில் நிற்பவர்களையும் ஒரு வார்த்தை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வண்டி வரும் சாலை அது. படமெடுப்பவர் பின்னோக்கி நகரும்போது யாராவது ஒருவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரவில் சூலியா தெருவின் நடுப்பகுதி நன்றாக இருக்கிறது. மாலையில் வந்து சேரும் ஒட்டுக்கடைகளின் வெளிச்சமும், மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் வாணலியின் புகையும், சாலையோர மேசைகளில் உட்கார்ந்திருக்கும் பல நாட்டு மக்களும் சேர்ந்து, அத்தையின் மகள் தயங்கிய அந்த இருட்டை அங்கிருந்து விலக்கிவைத்திருக்கிறார்கள். பக்கத்திலுள்ள லவ் லேன் பகுதியில் மதுக்கடைகள் உண்டு. நேரம் செல்லச் செல்லச் சத்தமும் தள்ளாட்டமும் கூடும். வெளிச்சமும் கடையும் உள்ள வழியையே தேர்ந்துகொண்டு, பின்சந்துகளில் குறுக்குவழி தேடாமல் நடந்தால், இரண்டு பெண்கள் சேர்ந்து இரவு உணவுக்குச் சென்று வருவதில் தடையேதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அத்தையின் மகளும் அப்படித்தான் சென்று வந்தாள். கடைக்காரர் ஒருவர், "தங்கச்சி, அந்தச் சந்து வேணாம், இப்படியே நேரா போங்க" என்று வழி காட்டியதாகவும் சொன்னாள்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தெருவைப் போலவே அறையையும் பார்க்க வேண்டும். பழைய கடைவீடுகளை மாற்றியமைத்த விடுதிகள் கண்ணுக்கு அழகானவை. ஆனால் குறுகிய மரப்படிகள், ஒரே வழி, சன்னலில் பலவீனமான கொண்டி ஆகியவை சிலவற்றில் உண்டு. நாங்கள் எடுத்த விடுதியில் முதலில் கொடுத்த கீழ்த்தள அறையின் சன்னல் பின்சந்துக்குத் திறந்தது, உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. சொன்னவுடன் மேல்தளத்தில் வேறு அறை தந்தார்கள். தீ விபத்து நேர்ந்தால் வெளியேறும் வழி எது என்பதை அறைக்குள் நுழைந்த உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மரத்தளங்கள் உள்ள கட்டடங்களில் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி ஆகாது.

ஏதேனும் நடந்துவிட்டால் போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மூன்றுக்கும் 999 என்ற ஒரே எண். லெபு பந்தாயிலும் ஜாலான் பினாங்கிலும் போலீஸ் நிலையங்கள் இருக்கின்றன. எந்த நிலையத்தில் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். பொருள் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டாலும் புகாரின் படியைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கும், தொலைந்த கடவுச்சீட்டுக்கு மாற்று ஆவணம் பெறுவதற்கும் முதலில் கேட்கப்படுவது அதுதான். இந்தியத் தூதரகம் கோலாலம்பூரில் இருப்பதால், கடவுச்சீட்டு தொலைந்தால் பயணத் திட்டமே மாறிவிடும். கடவுச்சீட்டை விடுதியில் பூட்டி வைத்துவிட்டு, அதன் படத்தைத் தொலைபேசியிலும் ஒரு தாளிலும் வைத்துக்கொண்டு வெளியே செல்வதே சரி.

மொத்தத்தில், முதியவர்களோடும் பிள்ளைகளோடும் செல்ல ஜார்ஜ் டவுனை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். பெர்ரிக்கும் இலவசப் பேருந்துக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பினாங்கு மாநகர் மன்றத்திடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வெல்ட் கீயிலிருந்து லெபு சூலியா வழியாக லெபு குயின் கோயில் வரையிலான அஞ்சடியையாவது முழுமையாகத் திறந்து, படிகளைச் சாய்தளமாக்கி, சாக்கடை மூடிகளைச் சரிசெய்து, மாலை ஆறு மணிக்குப் பிறகும் தூண்களுக்குள் விளக்கு எரியச் செய்ய வேண்டும். கடைக்காரர்களுக்கு மோட்டார் சைக்கிள் நிறுத்தத் தெருமுனையில் மாற்றிடம் கொடுக்காமல் அபராதம் மட்டும் விதித்தால் அது நிலைக்காது. சரக்கு இறக்குவதற்கான நேரத்தையும் அவர்களோடு பேசியே முடிவு செய்ய வேண்டும்.